ஆறு வீட்டுக்கு ஒரு லைன்

என் அண்ணன் சாகக் கிடந்தபோது எங்கள் சந்தில் ஒருவர்கூட அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவன் வாசலில் நின்று வாய் வலிக்கும்வரை திட்டிவிட்டு வந்திருப்பேன். நல்லவர்களை என்ன செய்வது?

நாங்கள் இருந்தது ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில், ஒரு குறுகலான சந்தில், இரண்டாம் மாடியில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலை எங்களுக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பொருள் வீட்டு டெலிபோன். ரங்கூனில் அப்போது வீட்டில் போன் இருந்தால் சந்து முழுக்கச் சொந்தமாகிவிடும். யாரையோ கேட்டு யாரோ கூப்பிடுவார்கள். நாங்கள் பால்கனியில் நின்று கத்தி ஆளை வரவழைப்போம். அப்பா போன பிறகும் போன் இருந்தது. 2007 வாக்கில் அண்ணன் அதே கம்பியில் இன்டர்நெட் வாங்கினான். அவன் நகரத்து நடுவில், லத்தாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். நான் கியாக்டடாவில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் கிளார்க்.

இணைப்பு வந்த அன்றைக்கே அவனுக்குக் கை அரித்தது.

"இத நாம மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"ராசா மாதிரி உக்காந்து பாக்கிறது," என்றேன்.

"நீ பாக்கிற லட்சணத்துக்கு இவ்வளவு செலவா, வாயாடி? சந்துல எத்தன வீட்டுப் பிள்ளைங்க வெளியூர்ல கெடக்கு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா எல்லாருக்கும் ஆகும்."

ஆக்கினான். மோடத்துக்குப் பக்கத்தில், ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க எட்டு ஓட்டை வைத்த ஒரு சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து ஐந்து நீலக் கேபிள்கள். ஒன்று கீழே பாய் வீட்டுக்கு, ஒன்று மேல் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு, மூன்று சந்தைத் தாண்டி எதிர்க் கட்டிடத்துக்கு. எங்கள் ஊரில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். முனையில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரன் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் வீட்டுக்காரர்கள் மேலே இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றில் கட்டித்தான் மாடிக்கு மாடி கேபிளை ஏற்றினான். சந்தைத் தாண்டுவதற்கு ஒரு கல்லில் நூலைக் கட்டி எதிர் பால்கனிக்கு எறிந்தான். முதல் கல் ஒரு பூந்தொட்டியை உடைத்தது.

அந்தத் தொட்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பர்மிய ஆசிரியை. சயாமா என்போம், டீச்சர் என்று அர்த்தம். மகள் சிங்கப்பூரில். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களோடு பர்மியத்தில்தான் பேச்சு. அண்ணனை 'தா' என்று கூப்பிடுவார், மகனே என்று. உடைந்த தொட்டியைத் தூக்கிக் காட்டி, "தா, இன்டர்நெட் வர்றதுக்கு முன்னாடியே என் வீட்டுல இவ்வளவு சேதம்னா, வந்த பிறகு நான் உயிரோட இருப்பேனா?" என்று கத்தினார். சந்தே சிரித்தது.

காக்கை கொத்தாமல் இருக்கக் கேபிளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டான். எல்லாம் சரி. லைன்தான் நூல் மாதிரி. ஒரு புகைப்படம் மேலிருந்து கீழே வருவதற்குள் உலை கொதித்துவிடும். ஆறு வீடும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதிலும் பேச்சு ரொம்ப மோசம். எழுதி அனுப்பியது நேரமானாலும் வந்து சேரும். குரல் அப்படியில்லை. நேரத்துக்கு வராத பகுதி போனது போனதுதான், திரும்ப வராது. இதை அண்ணன் வீடு வீடாகப் போய் விளக்கிவிட்டு ஒரு சட்டமும் போட்டான். வெளிநாட்டோடு பேசுகிற வீடு பால்கனியில் சிவப்புத் துண்டு போட வேண்டும். துண்டு தொங்கும்வரை மற்ற ஐந்து வீடும் கையை எடுத்துவிட வேண்டும்.

ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் மேல் மாடிப் பெண் காயப்போட்ட சிவப்பு லுங்கியைப் பார்த்து ஐந்து வீடும் பாதிப் பகல் சும்மா உட்கார்ந்திருந்தன. அவ்வளவு மரியாதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூச்சல். கீழ் வீட்டுப் பாய்க்குத் தம்பி துபாயில். அவர் துண்டைப் போட்டால் எடுக்க மாட்டார்.

"பாய், துண்ட எடுங்க! துபாய் இன்னுமா முடியல?" என்று நான் மேலிருந்து கத்துவேன்.

"இப்பத்தான் ஹலோன்னு சொல்லிருக்கான் தங்கச்சி!"

"அது போன வாரம் சொன்ன ஹலோ பாய். இப்பத்தான் வந்து சேந்துருக்கு. எடுங்க!"

அடுத்த வருடம் அண்ணன், அண்ணியை என்னோடு விட்டுவிட்டு, மலேசியாவுக்குப் போனான். இங்கே கிடைத்த சம்பளத்தில் ஒன்றும் ஆகவில்லை. போனவன் ஒரு மரச்சாமான் பட்டறையில் சேர்ந்தான். தான் இழுத்த கம்பியில் தானே வந்து பேச வேண்டியவன் ஆனான். ஞாயிறு சாயங்காலம் அண்ணி துண்டைப் போட்டுவிட்டுக் காமிரா முன்னால் உட்காருவாள். சந்தில் நடந்தது, சந்தையில் விற்றது, நான் யாரோடு சண்டை போட்டேன் என்பது, எல்லாம் சொல்வாள். அவன் "ம்" என்பான். "சாப்டியா" என்பான். பிள்ளை இல்லை அவர்களுக்கு. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், திரையில் அந்தச் சின்னச் சதுரத்தில் ஒரு ஆண். அதுதான் எங்கள் குடும்பம்.

அங்கிருந்தும் அவன் எங்கள் சந்து ஆட்களை விடவில்லை. சயாமாவின் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அவனுக்கு எழுதுவார். "பிடுங்கி மறுபடி சொருகுங்க" என்று பதில் வரும். எப்போதும் அதே பதில். எப்போதும் சரியாகிவிடும்.

பிறகு அவனுக்கு உடம்பு கெட்டது. கல்லீரல். அனுமதிக் காலம் முடிந்தும் அங்கேயே இருந்தவன், பிடித்துவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாத்திரை வாங்கித் தின்றே காலத்தை ஓட்டியிருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை. சதுரத்தில் அவன் முகம் மஞ்சளாகத் தெரிந்தபோது லைட் அப்படி என்றான். நாங்களும் நம்பினோம். அந்தக் காமிராவில் எல்லோரும் ஏதோ ஒரு கலரில்தான் தெரிவார்கள்.

அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன்தான் கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தான். வயிறு ஊதிவிட்டது, மூக்கில் குழாய், டாக்டர் நம்பிக்கை கொடுக்கவில்லை. அண்ணி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் அடுத்த வாரம் வா என்றார்கள். புருஷன் சாகிறான் என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் ஊரில் நாற்காலியில் இருக்கிறவன் முகத்தில் ஒரு மாற்றமும் வராது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நண்பன் எனக்கு எழுதினான்: "நாளை சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் லேப்டாப் எடுத்துக்கொண்டு போகிறேன். அண்ணியிடம் என்னமோ சொல்ல வேண்டுமாம். என்னிடம் சொல் என்றால் மாட்டேன் என்கிறான். அவரிடம்தான் சொல்வானாம். தள்ளிப்போட முடியாது."

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் போன் தெரியாது. வெளிநாட்டிலிருந்து அது கிடைப்பதே அதிசயம், கிடைத்தால் பாதியில் அறுந்துவிடும். அதோடு அண்ணிக்கு முகம் வேண்டும். குரல் மட்டும் போதாது என்று சொல்லிவிட்டாள்.

நான் ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். நாளைச் சாயங்காலம் துண்டு போடுவோம், அண்ணனோடு அண்ணி பேச வேண்டும், தயவு பண்ணுங்கள் என்றேன். தயவு பண்ணுங்கள் என்று நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை. சயாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாய் கேட்டார்: "நடுவுல கரண்டு போச்சுன்னா?"

அதை நான் யோசிக்கவில்லை. எங்கள் சந்துக்கு முறை வைத்துத்தான் கரண்டு வரும், அந்த முறையும் யாருக்கும் தெரியாது. பாய் கடையிலிருந்து தன் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். எதிர்க் கட்டிடத்து வீடுகள் பெட்ரோல் கொடுத்தன. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லாமல் கட்டிடத்துக்கே வயர் இழுத்தார்கள், எதிரிலும் ஒரு ஜெனரேட்டரை ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். எனக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று அப்போது நெஞ்சு நிறைந்திருந்தது. எதிர்க் கட்டிடத்துக்கு எதற்கு ஜெனரேட்டர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அண்ணி தலைக்குக் குளித்து, கன்னத்தில் எங்கள் ஊர்ச் சந்தனம் மாதிரியான தனாக்கா அரைத்துப் பூசி, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில கெடக்கறவன் பாக்கப் போறான். கல்யாணத்துக்கா போற?" என்றேன்.

"அழுது வீங்குன மூஞ்சியவா அவரு பாக்கணும்? நீ போய்த் துண்டப் போடு," என்றாள்.

துண்டைப் போட்டேன். கரண்டு நினைத்தபடியே போயிற்று, ஜெனரேட்டர்கள் இரண்டும் சந்து அதிர ஓடின. பால்கனிகளில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் ஒதுங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அண்ணன் வந்தான். முகம் பாதியாகியிருந்தது, கண் மட்டும் பெரிதாக. படம் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக அந்த லைனில் நான் எதையும் பார்த்ததில்லை. அண்ணி "என்னங்க" என்றாள். அவன் இவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மூக்கிலிருந்ததை விலக்கிவிட்டு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தான்.

அப்போது ணிங் என்று ஒரு சத்தம். இன்னொரு ணிங். எங்கள் திரையில் புதுச் சதுரங்கள் திறந்தன. சயாமா. பாயும் அவர் மனைவியும். மேல் மாடி ஜோடி. எதிர்க் கட்டிடத்து மற்ற இரண்டு வீடுகள். எல்லோரும் தலைவாரி, நல்ல உடுப்பில், கையைக் குவித்துக்கொண்டு.

"தா, பயப்படாதே. நாங்க எல்லாரும் இருக்கோம்," என்றார் சயாமா.

எங்கள் சந்தில் சாகக் கிடக்கிறவனைத் தனியாக விட மாட்டார்கள். தமிழ் வீடோ பர்மிய வீடோ பாய் வீடோ, சந்தே வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். ஒருவர் காலைத் தொடுவார், ஒருவர் ஓதுவார், ஒருவர் வாயில் தண்ணீர் விடுவார். அண்ணன் தெரியாத ஊரில் தெரியாத கட்டிலில் தனியாகக் கிடக்கிறான் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. துண்டு என்பது வெட்டிப் பேச்சுக்கு, இது கடைசியாகப் போய்ப் பார்ப்பது, இதற்குத் துண்டு கிடையாது என்று சயாமா மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவோம் என்று முடிவு பண்ணி, எங்களிடம் சொன்னால் அழுவோம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஐந்து வீட்டிலிருந்தும் அழைப்பு வந்ததும், அங்கே நண்பன், இது எங்கள் ஏற்பாடு என்று நினைத்து எல்லோரையும் ஒரே பேச்சில் சேர்த்துவிட்டான். சந்து முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றது. அந்த ஒற்றைக் கம்பியில் நின்றது.

அண்ணன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் அசைந்தது, நின்றது, வேறொரு இடத்திலிருந்து அசைந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது மாதிரி ஒரு சத்தம். அவன் பேசிக்கொண்டிருந்தான். அது தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

"என்னங்க? கேக்கல. என்னங்க?" என்று அண்ணி திரையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பால்கனிக்கு ஓடினேன். "எடுங்க! எல்லாரும் கைய எடுங்க!" என்று தமிழிலும் பர்மியத்திலும் கத்தினேன். இந்தச் சந்தில் என் குரல் எட்டாத வீடு கிடையாது. அன்றைக்கு எட்டவில்லை. எங்களுக்காக வைத்த ஜெனரேட்டர்கள் அப்படி அலறின.

உள்ளே ஓடி வந்து சுவிட்ச் பெட்டியிலிருந்து கேபிள்களைப் பிடுங்கினேன். சயாமா போனார். பாய் போனார். ஒவ்வொரு சதுரமாகக் கறுத்தது. எங்கள் கேபிள் மட்டும் இருந்தது. ஆனால் அதற்குள் எல்லாமே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டு, திரும்பக் கூப்பிட்டு, நண்பன் முகம் வந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லி முடிச்சுட்டான் அண்ணி. கேட்டுச்சுல்ல? நர்ஸ் வந்து மறுபடி குழாய மாட்டிட்டாங்க. தூங்கறான்."

"என்ன சொன்னாரு?"

"எனக்குத் தெரியாது அண்ணி. மைக்க வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு மெதுவாத்தான் பேசினான். புருஷன் பொண்டாட்டி பேசறாங்கன்னு நான் கால் மாட்டுல தள்ளி நின்னுக்கிட்டேன்."

அவனும் நல்லவன். பாருங்கள், எத்தனை நல்லவர்கள்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் போய்விட்டான். அங்கேயே எரித்தார்கள். இங்கே உடம்பில்லாமல் ஒரு படத்தை வைத்துக் காரியம் பண்ணினோம். சயாமா வந்து தரையில் உட்கார்ந்து, "தமீ," என்றார், மகளே என்று. "அவனத் தனியா விடக் கூடாதுன்னுதான்..."

"விட்டிருக்கலாம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வயதான பொம்பளையிடம் அப்படிப் பேசலாமா என்று உறவுக்காரர்கள் என்னைக் கண்டித்தார்கள். பேசலாம். அதற்குமேல் பேசாமல் விட்டதே பெரிது.

பிடுங்கின கேபிள்கள் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீடும் இணைப்பைக் கேட்டு வரவில்லை. சாப்பாடு மட்டும் மாற்றி மாற்றி வந்தது. காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணி அந்தக் கேபிள்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"எல்லாரும் ஒரே பேச்சுலதான இருந்தாங்க? நமக்கு வராதது அவங்களுக்கு வந்துருக்குமா?"

"வந்துருக்கலாம். எது யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியாது."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணி கேட்டதும் அவர் தன் மனைவியைப் பார்த்தார், அந்தம்மா சுவரைப் பார்த்தார். "கேட்டுச்சு தங்கச்சி," என்றார் பாய். "'அவள நல்லாப் பாத்துக்கங்க'ன்னாரு. தெளிவாக் கேட்டுச்சு."

மேல் மாடிப் பெண், அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னார் என்றாள். அவள் புருஷன் அவளைக் கிள்ளினான். எதிர்க் கட்டிடத்தில் ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், அடுத்த பிறப்பிலும் இவளே வேண்டும் என்றானாம். சயாமா அண்ணியின் தலையைத் தடவி, "'அழாதே, எனக்கு வலி இல்ல'ன்னு சொன்னான்," என்றார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே சயாமா," என்றேன்.

"பர்மியத்துலதான் சொன்னான், தமீ."

என் அண்ணன் தன் பெண்டாட்டியோடு ஒரு நாளும் பர்மியத்தில் பேசினதில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள். மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேபிள்களை ஒவ்வொன்றாகச் சொருகினாள். நான் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"அவரு இவ்வளவு பேசற ஆளே இல்ல," என்றாள்.

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ எம் பக்கத்துலதான் நின்ன. உனக்கு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல அண்ணி."

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. நீ ஒரு பொய்யாச்சும் சொல்லேன்டி."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. ஊரைத் திட்டுவதற்கு வருகிற வாய், இதற்கு வரவில்லை. முதலில் அவன் வந்து இவளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவன் பக்கமிருந்து வந்த ஒரு சத்தம்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

"அங்க ஒரு ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு," என்றேன். "தலைக்கு மேல இருந்துருக்கும் போல."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாவா?"

"நெசமா."

"நல்லாக் காத்து வந்துருக்குமா?"

"வந்துருக்கும் அண்ணி," என்றேன்.